முதல் மீனை யார் விடுவது

ஜூன் 3

மாப்பிள்ளை அவர்களுக்கு,

மீன் கடை விலைப் பலகையைத் தவிர வேற எதையும் கையால எழுதி எனக்குப் பல வருஷம் ஆச்சு. எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோங்க. போன்ல பேசலாம்னா, நீங்க வேலை பாக்கிற எண்ணெய் மேடையில எல்லாருக்கும் சேத்து ஒரே ஒரு போன், அதுக்கும் ஒரு வரிசை. அப்படியே கிடைச்சாலும் பாப்பா (கல்யாணம் ஆனாலும் என் பொண்ணு எனக்குப் பாப்பாதான்) பக்கத்துல இருப்பா. நாம ரெண்டு பேரும் "சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன்" சொல்லி முடிச்சு அவ கையில குடுத்துடுவோம். வாரத்துக்கு ஒரு படகு தபாலை எடுத்துட்டு அங்க வருதுன்னு பாப்பா பேச்சுவாக்குல சொன்னா. அதான் எழுதறேன்.

நான் இப்ப உங்க வீட்டுல இருக்கேன். கல்யாணத்துக்கே வராத மனுஷன் இங்க என்ன பண்றான்னு தோணும். பாப்பாவுக்குக் கால் உடைஞ்சிருக்கு. ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல வழுக்கி விழுந்துட்டா. முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பும். எக்ஸ்ரே எடுக்கிறவளே எக்ஸ்ரே மேசையில படுத்துக்கிட்டு, "தட்டை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகத்துடி"ன்னு கூட வேலை செய்யற பொண்ணுக்கு உத்தரவு போட்டாளாம். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. தனியா எப்படி இருப்பா? கடையைத் தம்பி பொறுப்புல விட்டுட்டு ஒரு பையோட வந்துட்டேன். கட்டுப் பிரிச்சதும் போயிடுவேன்.

முன் அறையில ஜன்னலோரம் அவ கட்டில். எதிர்ல உங்க கண்ணாடி மீன் தொட்டி. வந்த அன்னைக்கே உத்து உத்துப் பாத்தேன். மணல் இருக்கு. கல் இருக்கு. கல்லு மேல காளான் மாதிரி என்னமோ ஒட்டிக்கிட்டு அசையுது. நத்தை ஊருது. மேல நீல விளக்கு, பின்னால மோட்டார். மீனைக் காணோம்.

"மீன் எங்கம்மா?"

"அவர் வந்து விடுவார்ப்பா."

உப்புத் தண்ணி கலந்து, சூடு பாத்து, விளக்குப் போட்டு, மோட்டார் ஓட்டி, வெறும் கல்லுக்கு இவ்வளவு உபசாரமா மாப்பிள்ளை?

கேலிக்காக எழுதலை. அவ நாள் பூரா அதையே பாத்துட்டுப் படுத்திருக்கா. டிவி போட்டா அணைக்கச் சொல்றா. ஆரம்பத்துல நத்தைக்கெல்லாம் அவ ஆஸ்பத்திரி டாக்டருங்க பேரை வெச்சு, "பெரியவர் இன்னைக்கும் ரவுண்ட்ஸ் வர லேட்டு"ன்னு சிரிச்சுட்டிருந்தா. இப்ப அதுவும் இல்லை. சும்மா பாக்கறா. எனக்கு அது பிடிக்கலை.

ஒரு மீன் விடலாமா? உங்க பொருள், உங்களைக் கேக்கறதுதான் முறை. மீன் வாங்கறதுல எனக்கு ஆயுசுக்கும் பழக்கம். உயிரோட வாங்கித்தான் பழக்கமில்லை.

இப்படிக்கு,
மாமா


ஜூன் 12

மாமா அவர்களுக்கு வணக்கம்.

உறையின் பின்னால் அனுப்பியவர் என்ற இடத்தில் 'மாமா' என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். எனக்கு அம்மா வழியில் நான்கு மாமாக்கள். பிரிக்கும் முன் அந்த நான்கு பேரையும் யோசித்துப் பார்த்தேன். உங்களை யோசிக்கவில்லை. மன்னிக்க வேண்டும்.

என்னிடம் அவள் 'சுளுக்கு' என்றுதான் சொன்னாள். 'ரெண்டு எலும்பும்' என்ற வரியைத் தாண்டி மேலே படிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அன்று நான் போட்ட கோணல் வெல்டிங்கைப் பார்த்த போர்மேன் என் கையிலிருந்ததை வாங்கி வைத்துவிட்டு, "போய் டீ குடி" என்று அனுப்பிவிட்டார். நீங்கள் அவளுடன் இருப்பதற்கு நன்றி என்று எழுதினால் யாரோ அடுத்தவருக்கு எழுதியது மாதிரி இருக்கிறது. எழுதாமல் விடவும் மனசு வரவில்லை.

தொட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். புதுத் தொட்டியில் உடனே மீனை விட்டால் அதன் கழிவே அதற்கு விஷமாகிவிடும். அந்தக் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்குகிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் முதலில் கல்லிலும் மணலிலும் குடியேற வேண்டும். அதற்குத்தான் அத்தனை உபசாரமும். காளான் மாதிரி இருப்பது பவளம். அதுவும் உயிர்தான்.

இப்போது தொட்டி தயார். உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனாலும் மீன் வேண்டாம் மாமா.

இந்த மேடைக்குக் கடலுக்குள் இரும்புக் கால்கள் இருக்கின்றன. ஆரம்பத்தில் அவற்றை வெறும் இரும்பு என்றுதான் நினைத்தேன். ஒருநாள் கடல் தெளிவாக இருந்தபோது குனிந்து பார்த்தால், கால் முழுக்கப் பவளம் பூத்து, அதைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாகச் சின்ன மீன்கள். நான் இங்கே எதைப் பார்த்துக்கொண்டு நாளைக் கழிக்கிறேன் என்று அவளுக்குக் காட்டத்தான் அந்தத் தொட்டியை வைத்தேன். போன முறை கிளம்பும்போது, "எப்ப வருவீங்க?" என்றாள். "முதல் மீனை நான்தான் விடணும். அதுக்கு வந்துடுவேன்" என்றேன். நான் கொடுத்துவிட்டு வந்த வாக்கு அது ஒன்றுதான்.

ஒரு உதவி. தண்ணீர் மட்டம் இறங்கினால் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே கேனில் இருக்கும் சுத்தமான தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். உப்பு சேர்க்க வேண்டாம். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 19

மாப்பிள்ளைக்கு,

நல்லா மாட்டி விட்டீங்க என்னை. போன்ல எடுத்த எடுப்புல "ரெண்டு எலும்பாமே?"ன்னு கேட்டுட்டீங்க. போனை வெச்சவ என் பக்கம் திரும்பி, "நீ எப்பப்பா தபால்காரன் ஆனே?"ன்னு ஆரம்பிச்சா பாருங்க. கால் மட்டும் நல்லா இருந்திருந்தா எழுந்து வந்திருப்பா.

உப்பு சேக்க வேண்டாம்னு எழுதியிருந்தீங்க. நல்ல புத்தி. ஆனா உங்க கடிதம் வர்றதுக்கு முன்னாலயே நான் என் கைவேலையைக் காட்டிட்டேன். மட்டம் இறங்கியிருந்துச்சு. கடல் தண்ணி குறைஞ்சா உப்பும்தானே குறைஞ்சிருக்கும்னு அடுப்படியிலேருந்து ஒரு கை அள்ளிப் போட்டுட்டேன். கொஞ்ச நேரத்துல பவளம் எல்லாம் கோவிச்சுக்கிட்ட மாதிரி சுருங்கிடுச்சு. நத்தைங்க கதவைச் சாத்திக்கிச்சு. பாப்பா படுத்த இடத்துலேருந்தே, "ஒரு வாளி எடு, அந்தக் குழாயைப் போடு, இந்தத் தண்ணியை ஊத்து"ன்னு என்னைப் பம்பரமா சுத்த விட்டா. ராத்திரி சாப்பாட்டுக்குள்ள எல்லாம் விரிஞ்சிடுச்சு. ஒண்ணும் சாகலை. உண்மையைச் சொன்னா, அன்னைக்கு ஒருநாள்தான் அவ முகத்துல களை இருந்துச்சு.

அடுத்த நாள் கேட்டேன். "எப்பம்மா வர்றார்?"

"அடுத்த மாசம்ப்பா."

"போன மாசமும் அடுத்த மாசம்னுதானே சொன்னே?"

சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்.

நேத்து என்னைக் கூப்பிட்டு, "அப்பா, ஒரு போர்வையை எடுத்துத் தொட்டி மேல போட்டு மூடு"ன்னா. விளக்கு கண்ணைக் கூசுதாம். போட்டேன். இப்ப கட்டிலுக்கு எதிர்ல பெட்டி மாதிரி ஒண்ணு, போர்வைக்குள்ள மோட்டார் சத்தம். அவ அதையும் பாத்துட்டுத்தான் படுத்திருக்கா.

தேதியைச் சொல்லுங்க மாப்பிள்ளை. வாக்கு எல்லாம் சரி. வர்ற தேதி என்ன?

மாமா


ஜூன் 27

மாமா அவர்களுக்கு,

தேதி கேட்டிருந்தீர்கள். செப்டம்பர். எனக்குப் பதிலாக வர வேண்டிய வெல்டர் வரவில்லை. அதுவரை என்னை இருக்கச் சொல்லிவிட்டார்கள். இது தெரிந்து சில நாட்கள் ஆகிறது. உங்கள் பெண்ணிடம் இன்னும் சொல்லவில்லை. போனை எடுத்ததும் அவள் குரல் கேட்கிறது, எனக்கு வாய் வருவதில்லை.

உங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. "பாதி வருஷம் கடல்ல கிடக்கிறவனுக்குக் கட்டிக் குடுத்தா என் பொண்ணு வாசலைப் பாத்தே கிழவியாயிடுவா" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னவர் நீங்கள். சொன்னது பலித்துவிட்டது. சந்தோஷப்படலாம்.

ஆனால் அந்தத் தொட்டி என்னுடையது. ஒவ்வொரு கல்லையும் நான் அடுக்கினேன். நீங்கள் என் வீட்டில் இருக்கிறீர்கள். என் மனைவிக்குச் சமைத்துப் போடுகிறீர்கள். என் நாற்காலியில் உட்காருகிறீர்கள். எல்லாவற்றுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். மீனையாவது எனக்கு விட்டு வையுங்கள்.

போர்வையை எடுக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் இல்லாவிட்டால் பவளம் செத்துவிடும்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூலை 4

மாமா,

போன படகில் போன கடிதத்தை எப்படியாவது திரும்பப் பிடிக்க முடியுமா என்று இன்று வந்த படகுக்காரரிடம் கேட்டேன். "கடல்ல விழுந்ததைக்கூடத் தேடித் தரலாம் தம்பி, தபால்ல விழுந்ததை முடியாது" என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை போனில் என் முறை வந்தது. அவளிடம், "தொட்டி எப்படி இருக்கு?" என்றேன். "மூடி வெச்சிருக்கேன்" என்றாள். கோபமே இல்லை. யாரோ கடையை மூடிவிட்டுப் போன மாதிரி ஒரு குரல். பின்னால் ஆள் நிற்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பின்னால் நின்றவர் எங்கள் சமையல்காரர். பேசி முடித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போன வருஷம் அவர் பையனின் ஆறாவது பிறந்தநாள். "நான் வந்த பிறகு கொண்டாடலாம், அதுவரைக்கும் கேக் வெட்டக் கூடாது" என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தாராம். அவருக்கு லீவு தள்ளித் தள்ளிப் போயிருக்கிறது. கடைசியில் வீட்டுக்குப் போனபோது பையன் சொன்னானாம்: "எனக்கு ஏழு வரப்போகுதுப்பா. இப்பப் போய் ஆறுக்கு யாராவது கேக் வெட்டுவாங்களா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் எழுந்து போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காத்திரு என்று சொல்லிவிட்டு வந்தது போதாதென்று, காத்திருக்கிற நேரத்தில் பார்க்க ஒன்றும் இருக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அது அவளுக்காகச் சொன்னதில்லை மாமா. என் இடத்தில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

மீனை விடுங்கள். ஒன்றே ஒன்று. சின்னதாக, உங்கள் சுண்டுவிரலை மிஞ்சாமல். எது என்று நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள். பையோடு கொஞ்ச நேரம் தொட்டியில் மிதக்க விடுங்கள், சூடு சமமாகட்டும். பிறகு மீனை ஒரு பாத்திரத்துக்கு மாற்றி, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, நம் தொட்டித் தண்ணீர் அதில் சொட்டுச் சொட்டாக விழுகிற மாதிரி செய்யுங்கள். அவசரமே கூடாது. அது வேறு தண்ணீருக்குப் பழக வேண்டும். கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். விடும்போது விளக்கை அணைத்துவிடுங்கள். அவள் கையால் விடட்டும்.

செப்டம்பர் விஷயத்தை அவளுக்குத் தனியாக இன்றே எழுதுகிறேன். அதை நீங்கள் சொல்ல வேண்டாம். நான் சொல்வதுதான் நியாயம்.

நாற்காலியைப் பற்றி எழுதியதை மட்டும் அடித்துவிடுங்கள். தாராளமாக உட்காருங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


ஜூலை 14

மாப்பிள்ளைக்கு,

உங்க ரெண்டு கடிதமும் பாப்பாவுக்கு வந்ததும் சேந்து மூணும் ஒண்ணாவே வந்துச்சு. தபால்காரர் எங்க சுத்திட்டு வந்தாரோ. நல்லவேளை, தேதி பாக்காம ரெண்டாவதை முதல்ல பிரிச்சுட்டேன். அப்புறம் முதல் கடிதத்தைப் பிரிச்சேன். படிக்கும்போது அந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். சட்டுனு எழுந்து நின்னுட்டேன். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்து மறுபடியும் உக்காந்துட்டேன்.

பாப்பா உங்க கடிதத்தைப் படிச்சா. மடிச்சுத் தலையணைக்கு அடியில வெச்சா. கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்பா, அந்தப் போர்வையை எடு"ன்னா. எடுத்தேன். கல்லெல்லாம் அப்படியே இருந்துச்சு, பவளம் கொஞ்சம் வெளுத்திருந்துச்சு. அதைப் பாத்துட்டே சொன்னா: "அவருக்காகக் காத்திருக்க என்னால முடியும்ப்பா. அது தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டேன். வெறும் கல்லைப் பாத்துட்டுக் காத்திருக்கத்தான் முடியலை."

மறுநாள் வளர்ப்பு மீன் கடைக்குக் கிளம்பிட்டேன். மருந்து பாட்டிலைக் கழுவி அதுல நம்ம தொட்டித் தண்ணியையும் கையோட எடுத்துட்டுப் போனேன், பாப்பா யோசனை. கடையில ஒரு பொண்ணு, முழங்கை வரைக்கும் ஈரம். தண்ணியில என்னமோ சொட்டு விட்டு, நிறம் பாத்து, "தாராளமா விடலாம்"ன்னா. பரீட்சையில பாஸான மாதிரி இருந்துச்சு எனக்கு.

அப்புறம் பழக்க தோஷம். கண்ணாடியைத் தட்டி, "இதைக் கொஞ்சம் எடும்மா, செவுளைப் பாக்கணும்"னுட்டேன்.

"ஐயா, நீங்க இதைக் கூட வெச்சு வாழப்போறீங்க. வறுக்கப்போறதில்லை"ன்னா அந்தப் பொண்ணு.

சரின்னு கண்ணைப் பாத்தேன். கண்ணு தெளிவா இருக்கணும்கிறது மட்டும் எங்க ரெண்டு வியாபாரத்துக்கும் பொது. ஒரு சின்ன மீன். முன்பாதி கத்தரிப்பூ நிறம், பின்பாதி நல்ல மஞ்சள். ரெண்டு மீனை வெட்டி ஒட்டின மாதிரி. ஒரு கல்லுக்கு அடியில தலைகீழா நின்னுட்டு என்னையே முறைச்சுது. பேர் சொன்னா, வாயில நுழையலை. "அது சாப்பிடறதைக் காட்டு"ன்னேன். ஒரு துணுக்கு போட்டா, லபக்குனு பிடிச்சுது. இதுதான்னு சொல்லிட்டேன்.

பஸ்ஸுல பையை மடியில வெச்சு, மேல துண்டைப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். என் கடைக்கு வழக்கமா வர்ற ஒரு அம்மா ஏறினாங்க. "என்ன இன்னைக்குச் சரக்கு?"ன்னு துண்டைத் தூக்கிப் பாத்தாங்க. பாத்துட்டு, "இதை வெச்சு யாருக்குக் காணும்?"னு கேட்டாங்க பாருங்க, பஸ்ஸே சிரிச்சுது.

நீங்க எழுதின மாதிரியே எல்லாம் செஞ்சோம். முடிச்சு பாப்பாதான் போட்டா. சொட்டு சொட்டா விழறதைப் பாத்துட்டு ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம். விளக்கை அணைச்சுட்டு, ஜன்னல் வெளிச்சத்துல அவளைக் கையைப் பிடிச்சுத் தூக்கி நிறுத்தினேன். ஒத்தைக் காலுல நின்னுட்டு, என் மேல பாரத்தைப் போட்டுட்டு, சின்னக் கிண்ணத்தால மீனை எடுத்தா. தண்ணிக்குள்ள கிண்ணத்தைச் சாய்க்கும்போது, "இது அவர் சார்பா"ன்னா. மீன் வெளிய வந்து ஒரு நிமிஷம் அப்படியே நின்னுது. எங்க வந்திருக்கோம்னு பாத்த மாதிரி. பாப்பா வாயைப் பொத்திக்கிட்டா. அப்புறம் கல்லு இடுக்குல புகுந்துச்சு, எட்டிப் பாத்துச்சு, மறுபடியும் புகுந்துச்சு. அன்னைக்கு அவ பேசின பேச்சை இந்த மாசம் பூரா பேசலை.

இதோட கடிதத்தை முடிச்சிருந்தா நல்லா இருக்கும். முடிக்க முடியலை.

மீனைக் காணோம் மாப்பிள்ளை. மறுநாள் காலையிலேருந்து காணோம். முந்தாநேத்தும் இல்லை, நேத்தும் இல்லை. தரையெல்லாம் தேடிட்டேன், குதிச்சு விழுந்திருக்குமோன்னு. கட்டிலுக்கு அடியில, செருப்புக்குள்ளகூடப் பாத்துட்டேன். எந்த இடுக்குலயும் தெரியலை. பாப்பா என்னைத் தேத்தறா. "ஒளிஞ்சிருக்கும்ப்பா, புது இடம்ல"ங்கறா. அவ தேத்தறது எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு.

நான் கையை முழங்கை வரைக்கும் தண்ணிக்குள்ள விட்டுத் துழாவிட்டு இருக்கும்போதுதான் கேக்கறா: "ஏம்ப்பா என் கல்யாணத்துக்கு வரலை?" கை தண்ணிக்குள்ள, எங்கயும் எழுந்து போக முடியாது. அது தெரிஞ்சுதான் அப்பக் கேட்டிருக்கா. என்ன சொன்னேன்கிறது எங்களோட இருக்கட்டும். ரெண்டு பேரும் ஒரே துண்டுல முகம் துடைச்சோம்.

செத்த மீனுன்னா எனக்கு மூக்கு சொல்லிடும். இதுவரைக்கும் மூக்கு ஒண்ணும் சொல்லலை. அந்த ஒரு நம்பிக்கையிலதான் இருக்கேன். கல்லைப் பிரிச்சுப் பாக்கட்டுமா? சீக்கிரம் எழுதுங்க.

மாமா


ஜூலை 20

மாமா,

படகு நிக்குது, அஞ்சு நிமிஷத்துல எழுதறேன். கல்லைத் தொடாதீங்க. கல் சரிஞ்சா, மீன் கீழ இருந்தா நசுங்கிடும்.

தொட்டிக்குப் பின்னால மோட்டார் இருக்கிற தடுப்பு அறை இருக்குல்ல, தண்ணி மேல வழிஞ்சு அதுக்குள்ள விழும். சின்ன மீன் அந்த வழியா உள்ள போயிடும். எழுதும்போதே சொல்லியிருக்கணும், விட்டுட்டேன். அங்க விளக்கு அடிச்சுப் பாருங்க. அங்கயும் இல்லைன்னா காத்திருங்க. இந்த ஜாதி மீன் பல நாள் வெளிய வராம இருக்கும். தினமும் காலையில ஒரே இடத்துல ஒரு துணுக்கு போடுங்க.

அப்படியே செத்திருந்தாலும் அது உங்க தப்பு இல்லை. இதுக்கு முன்னால வெச்சிருந்த தொட்டியில எனக்கு எத்தனையோ செத்திருக்கு. உங்க பொண்ணுக்குத் தெரியும், கேளுங்க. நீங்க இதுக்காகப் பையை எடுத்துட்டுக் கிளம்பிடக் கூடாது. கட்டுப் பிரிச்ச பிறகும் கொஞ்ச நாள் இருங்க. பாப்பாவுக்காக மட்டும் சொல்லலை. உங்க கடிதம் இல்லாம வர்ற படகை எனக்குப் பாக்கப் பிடிக்கலை.

கூப்பிடறாங்க.

மாப்பிள்ளை


ஜூலை 27

மாப்பிள்ளை,

இருக்கு! உயிரோட இருக்கு!

உங்க கடிதம் நேத்துதான் வந்துச்சு. அதுக்கு முன்னாலயே கிடைச்சுட்டுது. பிழைக்குமான்னு பாத்துட்டு எழுதலாம்னு இருந்தேன். பாதி சந்தோஷத்தைத் தபால்ல போட்டுட்டு மீதியைத் துக்கமா அனுப்பக் கூடாதில்லையா.

நான் கறிகாய் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா கட்டில் காலி. பாத்தா, தொட்டிக்குப் பின்னால சுவத்துக்கும் மேசைக்கும் நடுவுல ஊன்றுகோலோட நுழைஞ்சு நிக்கறா. கையில போன் விளக்கு. "அப்பா, சத்தம் போடாதே. டீ வடிகட்டியை எடுத்துட்டு வா"ன்னா.

நீங்க சொன்ன அதே அறை. மோட்டாருக்குக் கீழ ஒரு மூலையில மஞ்சளா ஒரு வால். இத்தனை நாளும் அந்தக் குடைச்சல் சத்தத்துக்குப் பக்கத்துலயே இருந்திருக்கு. எங்க போச்சு எங்க போச்சுன்னு நான் முன்பக்கம் நின்னு புலம்பினது எல்லாம் அதுக்குக் கேட்டிருக்கும். "எப்படிம்மா தெரிஞ்சுது?"ன்னேன். "உடைஞ்ச எலும்பு முன்பக்கப் படத்துல தெரியலைன்னா பக்கவாட்டுல எடுத்துப் பாப்போம்ப்பா"ன்னா. பொழப்பு எங்கெல்லாம் உதவுது பாருங்க.

வடிகட்டியை நான்தான் விட்டேன். முப்பது வருஷமா எத்தனையோ மீனைக் கையில பிடிச்சிருக்கேன், ஒண்ணையும் இவ்வளவு பதமாத் தூக்கினதில்லை. தூக்கி முன்பக்கம் விட்டோம். வால் ஓரத்துல கொஞ்சம் கிழிஞ்சிருந்துச்சு. வயிறு ஒட்டிப் போயிருந்துச்சு. ஒரு மூலையில சாஞ்சு கிடந்துச்சு. பாப்பா அன்னைக்குச் சாப்பிடலை. நான் சாப்பிட்டேன், பொய் சொல்ல மாட்டேன், ஆனா இறங்கலை.

மறுநாள் காலையில துணுக்கு போட்டேன். பாத்துச்சு, வரலை. அதுக்கு மறுநாள் வந்து கவ்விட்டு ஓடிச்சு. இப்ப நடுக்கல்லுக்கு அடியில ஒரு பொந்தைப் பிடிச்சு வெச்சிருக்கு. நத்தை பக்கத்துல வந்தா வாயைப் பொளந்து மிரட்டுது, இந்தச் சுண்டுவிரல் அளவு உடம்பை வெச்சுக்கிட்டு.

தடுப்புக்கு மேல கொசுவலையை வெட்டி, சட்டம் கட்டி, மூடி போட்டுட்டேன். இனிமே வழிஞ்சு போக முடியாது.

கட்டுப் பிரிச்சாச்சு. கால் குச்சி மாதிரி இருக்கு, அதுக்கும் அவ சிரிக்கறா. சுவத்தைப் பிடிச்சுட்டு சமையலறை வரைக்கும் நடந்து போயிட்டு வந்தா. நான் கிளம்பறதா இல்லை. ஆகஸ்ட் முடியட்டும். தம்பி கடையை நல்லாத்தான் பாத்துக்கறான், வாடிக்கையாளருங்க என்னை விட அவன்கிட்ட சிரிச்சுப் பேசறாங்களாம். ஆகட்டும்.

நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்க. இது போன்ல சொல்ற மாதிரி இல்லை, நிஜமா சொல்றேன்.

மாமா


செப்டம்பர் 21

மாமா,

வீட்டுலேருந்து எழுதறேன். நேர்ல பேசிக்கலாம்தான். ஆனா உங்களுக்கு எழுதி எழுதிப் பழகிடுச்சு. நீங்க கிளம்பிப் போன மூணாவது வாரம் நான் வந்து சேர்ந்தேன். கொஞ்சம் முன்னாலயே வந்திருந்தா பாத்திருக்கலாம்.

நான் வந்த நேரம் உங்க பொண்ணு வேலைக்குப் போயிருந்தா. சாவி போட்டுத் திறந்தேன். பெட்டியைக்கூடக் கீழ வைக்கலை, நேராத் தொட்டி முன்னால போய் நின்னேன். ஒரு கத்தரிப்பூ நிறத் தலை எட்டிப் பாத்துச்சு. என்னைப் பாத்துச்சு. விருட்டுனு உள்ள போயிடுச்சு. அப்புறம் வரவே இல்லை.

சாயங்காலம் அவ வந்தா. படியேறும்போது லேசாக் கால் இழுக்குது, மத்தபடி நல்லா இருக்கா. என்னைப் பாத்து என்ன பண்ணினாங்கறது எங்களோட இருக்கட்டும். நீங்க சொல்லிக் குடுத்த வரிதான். அப்புறம் அவ தொட்டிப் பக்கம் போய் நின்னா, உடனே அந்த மீன் வெளிய வந்து அவ விரலைத் தொடர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகுது. நான் ஒரு அடி எடுத்து வெச்சேன், ஓடிடுச்சு.

மூணு நாள் இதே கதை. கல்லெல்லாம் நான் அடுக்கினது, தண்ணி நான் கலந்தது, வீட்டுக்கு வாடகை நான் கட்டறது. மீன் என்னைத் திருடன் மாதிரி பாக்குது. உங்க பொண்ணுக்கு ஒரே சந்தோஷம். "தினமும் காலையில அப்பாதானே போட்டாரு, அவரைத் தேடுது"ங்கறா. கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு மாமா. மறைக்க மாட்டேன். அப்புறம் யோசிச்சேன். நான் இல்லாதப்ப இந்த வீட்டுல யாராவது தேடற மாதிரி ஒரு ஆள் இருந்திருக்காரு. அதுக்கு நான் ஏன் வருத்தப்படணும்?

நேத்து காலையில குளிச்சுட்டு வந்தேன். குளியலறைக் கதவுக்குப் பின்னால ஒரு சட்டை தொங்குச்சு. கறுப்புக் கட்டம் போட்டது, கை ஓரத்துல உப்புக் கறை. நீங்க மறந்துட்டுப் போனது. அவதான் சொன்னா, "போட்டுப் பாருங்களேன்"னு. விளையாட்டுக்குத்தான் போட்டேன். ரெண்டு பேர் நுழையலாம் அதுக்குள்ள. கையை மடிச்சு விட்டுட்டு, சமையலறைப் பக்கத்துலேருந்து நீங்க நடக்கிற மாதிரி மெதுவா நடந்து போய், தொட்டி மூடியைத் திறந்தேன்.

வந்துடுச்சு மாமா. நேரா மேல வந்து, கண்ணாடி ஓரத்துல நின்னு, என் முகத்தையே பாக்கலை, சட்டையைத்தான் பாத்துச்சு. துணுக்கு போட்டேன், என் விரல் நுனியிலேருந்து எடுத்துட்டுப் போச்சு. எத்தனை மாசமா நினைச்சுட்டிருந்தது! எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. திரும்பிப் பாத்தா உங்க பொண்ணு சிரிச்சுச் சிரிச்சு நிக்க முடியாம தரையில உக்காந்துட்டா. காலை மடக்கி, சாதாரணமா. டாக்டர் அதுக்குத்தான் இவ்வளவு நாள் பயிற்சி குடுத்துட்டிருந்தாராம். ஒரு மீன் செஞ்சுடுச்சு.

டிசம்பர்ல நான் மறுபடியும் கிளம்பணும். அதை வந்த அன்னைக்கே அவகிட்ட சொல்லிட்டேன். மீன் கணக்கு எதுவும் இந்தத் தடவை சொல்லலை. ரெண்டாவது மீன் எப்ப விடறதுன்னு அவளே பாத்துக்கட்டும்.

இன்னைக்குக் காலையிலயும் உங்க சட்டையைத்தான் போட்டுக்கிட்டேன். துவைக்கக் கூடாதுன்னு அவ உத்தரவு, மீனுக்கு அடையாளம் போயிடுமாம். அதனால இதைத் தபால்ல திருப்பி அனுப்பறதா இல்லை. வேணும்னா ஞாயித்துக்கிழமை நீங்களே வந்து வாங்கிக்கோங்க. வரும்போது ரெண்டு மூணு நாளைக்கு மாத்துத் துணியும் எடுத்துட்டு வாங்க, ஏன்னா சட்டையை உடனே தர மாட்டோம்.

மாப்பிள்ளை